அக்காவின் குரலில் போனவள்

பரந்தன் சந்தியில் நாங்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஒரு மனிதர் எங்கள் முன்னால் வந்து செருப்பைக் கழற்றினார்.

நல்ல வெயில் நேரம். தார் ரோட்டின் ஓரத்தில் வெறுங்காலை வைக்க முடியாத சூடு. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிளினிக் முடித்துவிட்டு, பக்கத்து வளவு அக்காவும் நானும் ஜெயபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் உரப்பை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்று வெகுநேரமாக அக்காவையே பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார். நேரே வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கைகளை முன்னால் கோத்தபடி தலை குனிந்து நின்றார். போரில் இறந்த போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லத்துக்குள் கல்லறைகளின் முன்னால் எங்கள் சனம் அப்படித்தான் நிற்கும். உயிரோடு இருக்கிற ஒருவர் முன்னால் யாரும் அப்படி நின்று நான் கண்டதில்லை.

"அக்கா" என்றார் அவர்.

"நீங்கள் ஆளை மாறிப் பாக்கிறியள் தம்பி" என்றார் அக்கா.

அந்தக் குரல் காதில் விழுந்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. அக்காவை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"குரலும் அதுதான்" என்றார். "நான் அவவின்ரை சவப்பெட்டியைத் தூக்கினனான்."

பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைப் போடாமலே, அந்தச் சூட்டில் நடந்து போனார். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு அக்கா யன்னல் பக்கம் பார்த்தபடி, "வெயிலுக்கு மனிசருக்குத் தலை சுத்தும்" என்று மட்டும் சொன்னார்.

நான் கலியாணம் கட்டித்தான் ஜெயபுரத்துக்கு வந்தேன். பிறந்தது, படித்தது எல்லாம் துணுக்காயில். கணவருக்கு மேசன் வேலை. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா தனியாக இருந்தார். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். இடது காதின் பின்னாலிருந்து தலைமயிருக்குள் ஏறும் ஒரு தழும்பு. தலைக்குள் இன்னும் எறிகணைச் செல்லுத்துண்டு இருப்பதால்தான் அந்தக் கிளினிக். கொஞ்சம் நிலக்கடலை, எங்கள் பேச்சில் கச்சான், போடுவார், ஆடு வளர்ப்பார். என் பிள்ளைப்பேற்றின்போது சொந்தத் தமக்கையைப் போல வந்து நின்றவர் அவர்தான். வன்னியில் தழும்பு இல்லாத ஆளைத்தான் தேட வேண்டும் என்பதால் நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆனால் அக்காவிடம் ஒரு விசித்திரம் இருந்தது. அவர் போனில் கதைக்க மாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்தோ கிராம அலுவலர் அலுவலகத்திலிருந்தோ அழைப்பு வந்தால், அடிக்கிற போனை உடம்பில் படாமல் தூரப் பிடித்துக்கொண்டு வேலிக்கு ஓடி வருவார்.

"நீயே நான் எண்டு கதை பிள்ளை."

நானும் அவர் பெயரைச் சொல்லி, "ஓம், நான்தான் கதைக்கிறன்" என்று கதைத்து முடிப்பேன். காது சரியில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

புதுப் போன் வாங்கிய புதிதில் கண்டது எல்லாவற்றையும் பதிந்து பார்க்கிற ஆசை எனக்கு. ஒரு பின்னேரம் அக்கா ஆடுகளைக் கூப்பிடுகிற சத்தத்தை வேலிக்கு மேலால் பதிந்து, அவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "வாங்கோ, வாங்கோ, இஞ்சாலை வாங்கோ" என்று போனுக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது. அக்கா கையில் இருந்த சட்டியை நிலத்தில் வைத்தார். படலையைத் திறந்தார். ரோட்டைக் கடந்து, அறுவடை முடிந்து கிடந்த வயல் வெளிக்குள் இறங்கி நேரே நடக்கத் தொடங்கினார். நான் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. வரம்பு வந்தால் வரம்பில் ஏறவில்லை, குறுக்கே தாண்டினார். முன்னுக்கு யாரோ நின்று கூப்பிட, அந்த ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று போகிறவர் மாதிரி இருந்தது. என் கணவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்த பிறகுதான் நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நான் அங்காலை போயிட்டன், அதுதான்" என்றாராம். அன்றைக்கு இரவு நான் அந்தப் பதிவை அழித்துவிட்டேன்.

பரந்தனில் அந்த மனிதரைக் கண்டு சில நாள்களின் பின், அக்காவின் முற்றத்தில் பாயை விரித்துக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தோம். எதிரெதிரே இருந்து கோது உடைக்கும்போது வாய் சும்மா இராது. நான் என் பள்ளிக்கூடக் காலத்தைப் பற்றிக் கதைத்தேன். பேச்சுப் போட்டி ஒன்றில் எனக்கு முதலிடம் கிடைத்தது. ஒரு தாக்குதலில் தன் அணியை வழிநடத்திப் போய் இறந்த, இயக்கத்தின் பெண் பொறுப்பாளர் ஒருவரைப் பற்றிய பேச்சு அது. அந்த நாள்களில் அவருடைய கதை எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் சொல்லப்பட்டது. எனக்கு இன்னும் மனப்பாடம். விளையாட்டாகத் தொடங்கி, கையில் கோதோடு அதைச் சொல்லிக் காட்டினேன். கொட்டும் மழையில், இடி போன்ற குரலில் கட்டளை இட்டபடி, முதல் ஆளாக மண் அணை மேல் பாய்ந்தார் என்று வருகிற இடத்தில் அக்கா தலை நிமிராமல் சொன்னார்:

"அண்டைக்கு மழை இல்லை."

நான் நிறுத்தினேன்.

"பனி இருந்தது. மழை இல்லை. அவ கத்தவும் இல்லை. வோக்கிடோக்கியிலை கத்தினால் ஒண்டும் விளங்காது."

"நீங்கள் அதிலை நிண்டனீங்களோ அக்கா?"

அவர் ஒரு கச்சானை உடைத்துப் பருப்பைப் பாயில் போட்டார். பிறகு சொன்னார்.

"அந்தப் பேச்சிலை செத்த ஆள் நான்தான் பிள்ளை."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் உடனே அவருடைய கால்களைப் பார்த்தேன். பாயில் மடக்கி வைத்திருந்த இரண்டு கால்களும் நிலத்தில் பட்டுத்தான் இருந்தன. உள்ளங்காலில் செம்மண் ஒட்டியிருந்தது. முற்றத்தில் நல்ல வெளிச்சம், ஆடுகள் குழை தின்றுகொண்டு நின்றன. எத்தனை மேடையில் இந்த மனுசியைச் சாகடித்திருப்பேன்.

அக்கா அன்று சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரிச் சொல்கிறேன்.

அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். பரந்தனுக்கு அப்பால் ஒரு வெட்டவெளி. அந்தக் கரையில் மண் அணை, அதன் முன்னால் முட்கம்பி. விடிகிற நேரம். வெளியைக் கடந்து அணையைப் பிடிக்க வேண்டும். அவர்தான் பொறுப்பு, ஆகவே அவர்தான் முன்னால். கம்பியைத் தாண்டியதும் செல் விழுந்தது. அக்காவைத் தூக்கி ஒரு வறண்ட வாய்க்காலுக்குள் எறிந்தது. உடம்பு அசையவில்லை, நாக்கும் அசையவில்லை. காது மட்டும் கேட்டது.

அவருக்குப் பின்னால் அவருடைய வோக்கியைச் சுமந்து ஓடி வந்தவள் துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளை. பத்தொன்பது வயது. எல்லாரையும் சிரிக்க வைப்பதால் முகாமில் அவளுக்குப் பெயரே பகிடிக்காரி. அக்காவின் குரலை அப்படியே செய்வாள். ஒருநாள் மறைப்புக்குப் பின்னால் நின்று, "எல்லாரும் வரிசைக்கு வாங்கோ" என்றாளாம். எல்லாரும் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள்.

"நானும் எழும்பிட்டன் பிள்ளை" என்று அக்கா சிரித்தார். "என்ரை குரலுக்கு நானே எழும்பி நிண்டனான்."

வாய்க்காலுக்குள் அந்தப் பிள்ளை குதித்து அக்காவைப் புரட்டிப் பார்த்தாள். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். செத்துவிட்டார் என்று நினைத்து, திறந்திருந்த கண்களைக் கையால் மூடிவிட்டாள். பிறகு சத்தம் நகர்ந்து போனது.

"கண்ணைத் திறக்க எனக்குப் பெலன் இல்லை. பக்கத்திலை இன்னொரு பிள்ளை விழுந்து கிடந்தவள். அவளின்ரை வோக்கி வேலை செய்தது. அதுக்குள்ளாலை என்ரை குரல் வருது."

"உங்கடை குரலோ?"

"என்ரை குரல்தான். நான் கதைக்கிற மாதிரி, நான் மூச்சு விடுற இடத்திலை மூச்சு விட்டு. நான் வாய்க்காலைத் தாண்டியிட்டன், ஒருத்தரும் படுக்காதேங்கோ, இடப்பக்கத்தாலை என்ரை பின்னாலை வாங்கோ எண்டு."

வெளியின் நடுவில் மற்ற அணிகள் இருந்தன. பொறுப்பாளர் விழுந்துவிட்டார் என்று தெரிந்தால் அப்படியே நிலத்தோடு படுத்துவிடுவார்கள். அந்த வெட்டவெளியில் படுத்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. ஆகவே செத்த ஆளின் குரலை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

அக்காவுக்கு அங்கே கிடக்கையில் வேறு விதமாக விளங்கியது.

"நான் செத்திட்டன் எண்டு அப்பதான் தெரிஞ்சுது. நான் முன்னுக்குப் போறன், உடம்பு மட்டும் இஞ்ச கிடக்குது எண்டு நினைச்சன். பயம் இல்லை. நான் எவ்வளவு தூரம் போறன் எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தனான். அணையிலை ஏறியிட்டன் எண்டு சொன்னன். காயக்காரரைப் பின்னுக்கு எடுங்கோ, நான் இதிலைதான் நிக்கிறன் எண்டு சொன்னன். காயக்காரரை எடுத்து முடியும் மட்டும் நிண்டனான். பிறகு சத்தம் இல்லை."

அவர் 'சொன்னன்', 'நிண்டனான்' என்றுதான் சொன்னார். 'சொன்னவள்' என்று சொல்லவில்லை. நான் திருத்தவில்லை.

உடல்கள் எடுக்க வந்தவர்கள், மூச்சு இருப்பதைக் கண்டு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பேச்சு வரப் பல கிழமைகள் ஆயின. பெயரைச் சொல்ல முடிந்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அணையில் கிடந்த உடலுக்கு முகம் இல்லை. கையில் அக்காவின் வோக்கி. கடைசி வரை கேட்டதும் அக்காவின் குரல். ஆகவே பெட்டியை மூடி, அக்காவின் பெயரில் மண்ணில் விதைத்துவிட்டார்கள். பகிடிக்காரி உடல் கிடைக்காதவர்களில் ஒருத்தி ஆனாள். அப்படியானவர்களுக்கு ஒரு நடுகல் வைப்பார்கள். கீழே ஒன்றும் இருக்காது.

இயக்கத்தின் மேலிடத்திலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்கா எழுதியும் சொல்லியும் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, "இருக்கட்டும். சனம் அழுது முடிச்சிட்டுது" என்றார். கதை பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டது, இப்போது மாற்றினால் குழப்பம். அக்காவின் தாயைக் கூட்டி வந்து இரகசியமாகக் காட்டினார்கள். அக்காவுக்கு வேறு பெயர் வைத்து, உடுப்புத் தைக்கிற இடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள்.

"சண்டை முடியட்டும், கல்லு ரெண்டையும் மாத்துவம் எண்டார். சண்டை முடிஞ்சுது. மாத்திறதுக்கு ஒருத்தரும் மிஞ்சேல்லை. கல்லும் மிஞ்சேல்லை."

"அந்தப் பிள்ளையின்ரை அம்மா?"

"இருக்கிறா. துணுக்காயிலை. ஒவ்வொரு கார்த்திகையும் அவவைக் காணுறனான். தூரத்திலை நிண்டு பாத்திட்டு வந்திடுவன்."

அந்த வருடக் கார்த்திகையில், மாவீரர் நாளுக்கு, அக்கா என்னையும் துயிலும் இல்லத்துக்கு வரச் சொன்னார். சனம் கூடி விளக்கு ஏற்றுவது பொழுது படுகிறபோது. நாங்கள் மத்தியானமே போய்விட்டோம். அப்போதே ஆங்காங்கே சிலர் மண்வெட்டியால் புல் செருக்கிக்கொண்டு இருந்தார்கள். இராணுவம் கல்லறைகளை இடித்துப் பல வருடங்கள். உடைந்த கற்களைச் சனம் பொறுக்கி நடுவில் குவித்திருந்தது. யார் எங்கே என்று எழுத்தில் இல்லை. அவரவர் நினைவுப்படி இந்த மரத்துக்கு நேரே, அந்தக் கிணற்றுக்கு இப்பால் என்று கணக்குப் பண்ணி, தடி ஊன்றி, விளக்கு வைக்கிறார்கள். மழை வரும் போல வானம் தாழ்ந்து கிடந்தது. காற்று இல்லை.

அக்கா ஒரு வேம்புக்கு நேரே போய் நின்றார். தன் பெயர் எழுதியிருந்த கல் நின்ற இடம். தன்னுடைய கல்லறையைத் தானே செருக்குகிற ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து புல்லுப் பிடுங்குவது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சற்றுத் தள்ளி, நடுகற்கள் இருந்த பக்கத்தில், ஒரு சின்ன உருவ அம்மா குடையை விரித்து நிலத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் இருந்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அவதான்."

"இந்த முறை போய்ச் சொல்லுங்கோ அக்கா."

"நீயும் வா."

அக்கா அவர் முன்னால் போய்க் குந்தினார். சுற்றி வளைக்கவில்லை. தான் யார், தன்னுடைய பெயரில் யாரைப் புதைத்தார்கள், எந்த இடத்தில், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "அங்காலை வாங்கோ அம்மா. உங்கடை பிள்ளை அங்கைதான் கிடக்கிறாள். இதுக்குள்ளை ஒருத்தரும் இல்லை."

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அல்லது அக்காவை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வேம்பின் பக்கம் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த வெறும் நிலத்தைக் கையால் தடவினார்.

"நான் வரமாட்டன்" என்றார். "பிள்ளை இத்தினை வருசம் இஞ்ச வந்து பழகினவள். இப்ப மாத்தினால் தேடித் திரிவாள். நீ அங்கை விளக்கைக் கொளுத்து. நான் இஞ்ச கொளுத்திறன்."

பிறகு அந்த அம்மா அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியாக் கதைச்சது உன்ரை குரலிலையோ?"

"ஓம் அம்மா."

"அப்ப கதை. நான் கேக்கிறன்."

அந்த அம்மா கண்ணை மூடினார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார். நான் அத்தனை வருடம் வேலிக்கு மேலால் கேட்ட குரல் அது இல்லை. தணிந்த, அவசரம் இல்லாத, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே வந்து விழுகிற குரல். நான் வாய்க்காலைத் தாண்டியிட்டன். ஒருத்தரும் படுக்காதேங்கோ. இடப்பக்கத்தாலை வாங்கோ. என்ரை பின்னாலை வாங்கோ.

நான் தற்செயலாகத் திரும்பினேன். அந்தத் திடலில் அங்கொருவரும் இங்கொருவருமாகக் குந்தியிருந்து புல் செருக்கியவர்களில் சிலர் எழும்பி நின்றார்கள். ஒரு நடுத்தர வயது மனுசி விளக்குமாறைக் கீழே போட்டுவிட்டு எங்கள் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தவர், அப்படியே நின்றார். தூரத்தில் இருந்தவர்களுக்குச் சொற்கள் கேட்டிருக்க முடியாது. அக்கா உரத்துக் கதைக்கவே இல்லை. ஆனாலும் எழும்பினார்கள். ஏன் எழும்பினோம் என்று தெரியாத முகத்தோடு இங்கும் அங்கும் பார்த்தார்கள்.

"காயக்காரரைப் பின்னுக்கு எடுங்கோ. நான் இதிலைதான் நிக்கிறன்."

அக்கா நிறுத்தினார்.

"பிறகு?" என்றார் அந்த அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"பிறகு ஒண்டு இருக்குது அம்மா. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அது மட்டும் அவளின்ரை சொந்தக் குரல்."

"என்ன சொன்னவள்?"

"அக்கா, சரியா எண்டு கேட்டவள்."

"நீ என்ன சொன்னனி?"

"நான் வாய் திறக்க ஏலாமல் கிடந்தனான்."

"இப்ப சொல்லு."

அக்கா எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் வேம்பையும் முன்னால் கிடந்த நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாச் சொல்லு. அவள் தூரத்திலை நிண்டு கேட்டவள்."

"சரியடி!" என்று அக்கா கத்தினார். "சரியாத்தான் செய்தனி!"

வோக்கியில் கத்தக்கூடாது என்று சொன்ன மனுசி கத்தினார். பிறகு நிலத்தில் இருந்து, ஒரு சத்தமும் இல்லாமல் அழுதார். அந்த அம்மாதான் தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். பொழுது படும்போது தூறத் தொடங்கியது. குடையைப் பிடித்து அந்த அம்மாவின் விளக்கைக் காப்பாற்றினேன். வேம்புக்கு நேரே அக்காவின் விளக்கும் அணையவில்லை.

அதற்குப் பிறகு அக்கா மாதத்தில் ஒருமுறை துணுக்காய்க்குப் போகிறார். கச்சானோ முருங்கைக்காயோ ஒரு பையில் போகும். அந்த அம்மா குரலை மறுபடி கேட்டதில்லையாம். மகள் முகாமில் என்ன சாப்பிட்டாள், யார் தலை இழுத்து வாரிவிட்டது, யாரோடு சண்டை போட்டாள் என்று கேட்பாராம். அக்கா பகிடிக்காரியின் கூத்துகளைச் சொல்ல, இரண்டு பேரும் சிரிப்பார்களாம். சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டித்தான் அக்கா வீடு திரும்புவார். போன் அடித்தால் மட்டும் இன்னும் வேலிக்குத்தான் ஓடி வருகிறார்.

போன மாசியில் என் தங்கையின் வீட்டுக்கு நான் துணுக்காய் போனேன். அவள் வீடு அந்த அம்மா தனியாக இருக்கிற வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தங்கை கேட்டாள்:

"உங்கடை பக்கத்து வீட்டு அக்கா இப்ப கிழமைக்குக் கிழமை வாறவவோ?"

"இல்லையே. மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவா. ஏன்?"

"மற்ற நாளிலும் அந்த வீட்டிலை ரெண்டு பேர் கதைக்கிற சத்தம் கேக்குது. பட்டப்பகலிலை. அதுதான் கேட்டனான்."

ஜெயபுரத்துக்கு வந்து, வேலிக்கு மேலால் அக்காவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"மற்றது ஆரின்ரை குரல் எண்டு கேட்டனியோ?"

"இல்லை அக்கா."

"கேளாதை" என்றார். பிறகு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.